விருது கிடைத்துவிட்டது, இனி அந்த உமிச்சாம்பல் எங்கே போகும்?

சம்மாந்துறைப் பக்கம் கற்பிக்கும் இளம் விரிவுரையாளர் ஒருவர் கேட்ட கேள்வி இது. நெல் ஆலைகளில் மிஞ்சும் உமிச்சாம்பலைப் பதப்படுத்தி, சீமெந்துக் கல்லில் சீமெந்தின் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கும் முறை ஒன்றை அவரும் மாணவர்களும் உருவாக்கியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் புத்தாக்க விருது கிடைத்தது. கேடயம், படம், பத்திரிகைச் செய்தி எல்லாம் வந்தன. அதன் பிறகு ஒன்றும் நகரவில்லை. "காப்புரிமை எடுக்க வேண்டுமா? எடுத்தால் அது எனக்கா, பல்கலைக்கழகத்துக்கா? யாரிடம் கொண்டுபோவது?" என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் மனமார்ந்த வாழ்த்து. அம்பாறை மாவட்டத்தில் இருந்துகொண்டு உமியைப் பற்றி யோசித்ததே பெரிய விஷயம். பக்கத்தில் கிடக்கும் பொருளை விட்டுவிட்டு, வெளிநாட்டு இதழுக்குப் பிடித்த தலைப்பைத் தேடி ஓடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் விருதோடு விஷயம் நின்றுபோனது உங்கள் குறை மட்டும் அல்ல. எங்கள் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்தவரைக் கௌரவிக்கும் முறையிலேயே ஒரு பிழை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். அவசரமானதை முதலில் பார்ப்போம்.

உங்கள் கண்டுபிடிப்பை வெளியாட்கள் முன் முதன்முதலாக எப்போது சொன்னீர்கள்? அந்தத் திகதியைத் தேடி எடுங்கள். ஆய்வு மாநாட்டுச் சுருக்கம், விருது விழாவில் காட்டிய ஸ்லைடு, பத்திரிகைச் செய்தி, மாணவர் முகநூலில் போட்ட விளக்கம் எதுவானாலும் கணக்கில் வரும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, உலகத்தில் எங்கும் ஏற்கனவே வெளிவந்துவிட்ட ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது. ஆனால் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால், அந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் அது குறையாகக் கருதப்படாது. அந்த ஒரு வருடம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு விண்ணப்பத்தை எழுதுங்கள். அமெரிக்காவிலும் இப்படி ஒரு வருடச் சலுகை உண்டு. ஐரோப்பாவில் இல்லை, அங்கே மேடையில் சொன்ன அன்றைக்கே கதவு மூடிவிடும். கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் வேறு நாடுகளிலும் விண்ணப்பிக்கலாம். சர்வதேசக் காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை (PCT) வழியாகப் போனால் எந்தெந்த நாடு என்று முடிவெடுக்க 30 மாதம் வரை நேரம் கிடைக்கும். காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் செல்லும், இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிவர வேண்டும்.

இதனால்தான் விருதுக்குழுவில் இருப்பவர்களிடம் நான் எப்போதும் கேட்பது ஒன்று: மேடையில் பெயர் வாசிக்கும் முன், 'விண்ணப்பம் போய்விட்டதா?' என்று கேளுங்கள். கௌரவிக்கப்போய் உரிமையைப் பறிகொடுக்க வைப்பது எந்த வகையில் நியாயம்?

அடுத்தது, உங்களுடையது உண்மையில் புதிதா என்று பார்க்க வேண்டும். பழைய காப்புரிமைகளைத் தேடிப் பார்க்கும் இணையத்தளங்களான கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாசெனெட், உலகப் புலமைச் சொத்து அமைப்பான வைப்போவின் பேட்டன்ட்ஸ்கோப் மூன்றும் இலவசம். இரண்டு இரவு உட்கார்ந்தால் நிலைமை விளங்கிவிடும். உமிச்சாம்பலைச் சீமெந்தில் சேர்ப்பது பழைய சேதி. கலிபோர்னியாவில் பேராசிரியர் பி. கே. மேத்தா 1970களிலேயே அதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். மனம் தளர வேண்டாம், இதில் உங்களுக்கு இரண்டு நல்ல செய்திகள் உண்டு. அந்தக் காப்புரிமைகள் எப்போதோ காலாவதியாகிவிட்டன, அவற்றில் உள்ளதை நீங்கள் தாராளமாக எடுத்துப் பயன்படுத்தலாம். இரண்டாவது, உங்கள் புதுமை எங்கே இருக்கிறது என்பது இப்போது தெளிவாகும். சாம்பலைச் சேர்ப்பது உங்கள் புதுமையாக இருக்க முடியாது. எங்கள் ஊர் ஆலைகளின் கண்டபடி எரிந்த சாம்பலை, மறுபடி சூளையில் போடாமல், ஒரே தரத்துக்குக் கொண்டுவரும் வழி உங்களிடம் இருந்தால், அதற்குத்தான் உரிமை கோர வேண்டும்.

அந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் விற்பனை வெல்வதும் தோற்பதும் அங்கேதான். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஒரு தொன் நெல்லுக்கு 40 கிலோ சாம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. அளவான சூட்டில், அதாவது 700 பாகை செல்சியசுக்குள் எரிந்தால் அந்தச் சிலிக்கா படிகமாகாமல் இருக்கும். சீமெந்து இறுகும்போது வெளியேறும் சுண்ணாம்போடு சேர்ந்து அது வலுவைத் தரும். சூடு மிஞ்சினால் சிலிக்கா படிகமாகிவிடும். சீமெந்தோடு அது சேராது. தூசியாக மூச்சில் போனால் நுரையீரலுக்கும் ஆபத்து. சூடு குறைந்தாலோ எரியாத கரி மிஞ்சும், கலவை தண்ணீரை இழுத்துக் குடிக்கும்.

இப்போது ஒரு புழுங்கல் அரிசி ஆலையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். காலையில் பொயிலர் மூட்டும்போது விழும் சாம்பலைக் கையில் எடுத்துத் தேய்த்தால் விரல் முழுக்கக் கரி ஒட்டும். அதே அடுப்பில், மத்தியானம் சூடு ஏறிய பிறகு விழுவது சாம்பல்நிறமாக, சில இடத்தில் வெள்ளையாக இருக்கும். அடுப்புக்காரர் எல்லாவற்றையும் ஒரே குவியலில் தள்ளி, புகையாமல் இருக்க மேலே தண்ணீர் ஊற்றிவிடுவார். ஆய்வுகூடத்தில் மின்னுலையில் ஒரே சூட்டில் எரித்த சாம்பலை வைத்துத்தான் உங்கள் முடிவுகள் வந்திருந்தால், ஆலைக்காரருக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் குவியலின் மேல், நடு, அடி மூன்றிலும் மாதிரி எடுத்துச் செய்து காட்டினால்தான் யாரும் காது கொடுப்பார்கள்.

ஆலை முதலாளி உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகளும் காப்புரிமைப் படிவத்தில் இல்லாதவை. "சாம்பலை யார் வந்து அள்ளுவது? தினமும் வருவீர்களா, சீசன் முடிந்ததும் காணாமல் போவீர்களா? அடுப்பை மாற்றச் சொல்வீர்களா?" அப்புறம் ஒரு நாள், "இதற்கு என்ன விலை தருவீர்கள்?" என்பார். இப்போது கழிவு என்று கிடப்பதற்கு ஒருவர் ஆசைப்படுகிறார் என்று தெரிந்தால் அதற்கு விலை வந்துவிடும். உமியையே பாருங்கள், ஆலை அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் கோழிப்பண்ணைக்கும் அது தேவைப்படுகிறது. ஆகவே உங்கள் கணக்கில் சாம்பலுக்குச் சுழியம் போடாதீர்கள். சாம்பல் பாரம் குறைவு, இடம்தான் அதிகம் பிடிக்கும். லொறி நிறையும், எடை நிறையாது. போக்குவரத்துச் செலவு இலாபத்தைத் தின்றுவிடும் என்பதால், ஆலையும் கல் செய்யும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சம்மாந்துறை, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற ஊர்களுக்குள்ளேயே முதல் வட்டத்தைப் போடுவது நல்லது.

கல் செய்பவரின் கவலை வேறு. நன்றாக அரைபடாத சாம்பல் சேர்ந்தால் முதல் நாட்களில் கல்லின் வலு மெதுவாகவே ஏறும். அவரோ வார முடிவில் ஏற்றி அனுப்பிக் கூலி கொடுக்க வேண்டியவர். அதிக நாள் நனைத்து வைக்கச் சொன்னால் முற்றமும் பணமும் அடைபடும். அரைக்கும் மின்சாரச் செலவு, நனைக்கும் நாள், சீமெந்தில் மிச்சமாகும் பணம், இந்த மூன்றையும் ஒரு கல்லுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே தாளில் காட்டுங்கள். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். 855 தான் சீமெந்துக் கல்லுக்கான நியமம். அதற்கு ஏற்பப் பரிசோதித்த அறிக்கை கையில் இருந்தால் அரச ஒப்பந்தக்காரரிடமும் பேசலாம். ஆய்விதழில் வந்த கட்டுரையைவிட அந்த அறிக்கைக்குத்தான் சந்தையில் மதிப்பு.

சரி, உரிமை யாருக்கு? வேலைக்கான ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பின் உரிமை வேலை கொடுத்தவருக்கு, அதாவது உங்கள் விஷயத்தில் பல்கலைக்கழகத்துக்கு. ஆனால் கண்டுபிடித்தவர் என்று பெயர் குறிப்பிடப்படும் உரிமை உங்களுடையது. யாரும் எதிர்பாராத அளவுக்கு அது பொருள் ஈட்டினால் நியாயமான ஊதியம் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. இதைவிடப் பெரிய சிக்கல் மாணவர்களிடம் வரும். அவர்கள் ஊழியர்கள் அல்ல. முறையின் ஒரு முக்கியப் படியை ஒரு மாணவி கண்டுபிடித்திருந்தால் அவரும் கண்டுபிடிப்பாளர்தான். அவரை விட்டுவிட்டு எழுதிய விண்ணப்பம் பின்னாளில் சிக்கலில் மாட்டும். அதற்காக, சிபாரிசுக்காகப் பீடத்தில் பெரிய பதவியில் உள்ளவர் பெயரைச் சேர்க்கவும் கூடாது. கட்டுரையில் பெயர் போடுவதில் நடக்கும் பழக்கங்களை இங்கே கொண்டுவராதீர்கள். குறிப்பேட்டில் திகதி போட்டு யார் என்ன செய்தார் என்று எழுதி வைத்திருந்தால் இப்போது உதவும்.

பல்கலைக்கழகத்துக்குள் போக வேண்டிய இடம் வணிக இணைப்புப் பிரிவு. உலக வங்கியின் 10 கோடி டொலர் கடனோடு 2017 இல் தொடங்கிய உயர்கல்வித் திட்டம் இந்தப் பிரிவுகளை வளர்க்க நாடு முழுக்கப் பணம் கொடுத்தது. அங்கே ஆள் குறைவு, அனுபவமும் குறைவு என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். இருக்கட்டும், உபவேந்தரும் பேரவையும் கையெழுத்திட வேண்டிய விஷயத்தை நீங்கள் தனியாகச் சுமந்து போக முடியாது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கைப் புத்தாக்குனர் ஆணைக்குழுவும் இருக்கிறது. அங்கேயும் போய் என்ன உதவி கிடைக்கும் என்று கேளுங்கள்.

இனி, முதலில் சொன்ன அந்தப் பிழைக்கு வருகிறேன். அதைச் சொல்ல ஒரு உண்மைக் கதை தேவை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1933 பெப்ரவரியில், பனிப்புயலுக்குள் ஒரு விவசாயி கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் லொறி ஓட்டிக்கொண்டு தலைநகருக்கு வந்தார். லொறியில் ஒரு செத்த பசு, ஒரு கட்டு கெட்டுப்போன தீவனப்புல், ஒரு பால் கேன் நிறைய இரத்தம். அந்த இரத்தம் உறையவில்லை. மாடுகள் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. சனிக்கிழமை என்பதால் கால்நடை அலுவலகம் பூட்டு. திறந்திருந்தது பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வுகூடம். அவரும் மாணவர்களும் அந்தக் கேனோடு தொடங்கிய வேலையில், இரத்தத்தை உறையவிடாத பொருளைப் பிரித்தெடுக்க ஆறு வருடம் போனது. அதன் வழி வந்த சேர்மம் ஒன்று 1948 இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது, 1950களில் மனிதருக்கான மருந்தானது. இதய வால்வு மாற்றியவர்கள் எங்கள் ஊரிலும் தினமும் விழுங்கும் வோபரின் குளிசை அதுதான்.

அந்த ஆறு வருடத்தைத் தாங்கியது எது? அதே பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்டீன்பொக், உணவில் புறஊதாக் கதிர் பாய்ச்சினால் விற்றமின் டி கூடும் என்று கண்டுபிடித்து, தன் கைக்காசில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர். பெரிய கம்பனி ஒன்று பெருந்தொகை தர முன்வந்தும் அவர் அதைத் தனக்கென விற்கவில்லை. பழைய மாணவர்கள் சேர்ந்து 1925 இல் விஸ்கான்சின் பழைய மாணவர் ஆய்வு நிதியம் (WARF) என்ற ஒரு நிதியம் அமைத்தார்கள். காப்புரிமை அதற்குப் போனது, வந்த வருமானம் பல்கலைக்கழக ஆய்வுக்கே திரும்பி வந்தது. வோபரின் ஆய்வுக்கும் அந்த நிதியம் பணம் கொடுத்தது, மருந்தின் ஆங்கிலப் பெயரிலேயே (Warfarin) அதன் முதலெழுத்துகள் இருக்கின்றன. ஸ்டீன்பொக்குக்குக் கிடைத்த உண்மையான கௌரவம், அவர் கண்டுபிடிப்பின் காசில் அடுத்தவர் ஆய்வுகூட விளக்கு எரிந்ததுதான்.

எங்கள் பக்கம் என்ன நடக்கிறது? மட்டக்களப்பில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வந்தாறுமூலை வளாகத்துக்கும், 1990களின் நடுவில் எழுந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும், யுத்தமும் சுனாமியும் தின்ற வருடங்கள் போக மிஞ்சிய காலம் கொஞ்சம்தான். அதற்குள் ஆராய்ச்சி செய்யும் ஆட்கள் உருவாகிவிட்டார்கள். ஆனால் ஒரு விரிவுரையாளர் ஆலைக்கும் கல் செய்யும் இடத்துக்கும் ஒரு வருடம் நடந்தால், அந்த நடைக்குப் பதவி உயர்வுப் புள்ளியில் பெரிதாக எதுவும் ஏறாது. அதே வருடத்தில் இரண்டு கட்டுரை எழுதியிருந்தால் ஏறும். வீட்டில் பிள்ளைகளும் கடனும் உள்ளவர் எதைத் தேர்வார்? அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. நான் கேட்பது கேடயத்தைவிட எளிமையான விஷயங்கள்: விருது பெற்றவருக்கு ஒரு அரையாண்டு கற்பித்தல் பாரத்தில் பாதியைக் குறையுங்கள். ஆலையில் பரிசோதிக்கச் சிறு தொகை ஒன்றைக் கொடுத்து, அதற்கு மூன்று விலைமனு கேட்டு மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். உரிமத்தொகை வந்தால் கண்டுபிடித்தவர்களுக்கு எத்தனை பங்கு என்று முன்கூட்டியே மூதவையில் எழுதி வையுங்கள். ஆய்வுகூடத் தொழில்நுட்ப உதவியாளரின் பெயரையும் மேடையில் வாசியுங்கள். அப்புறம், விவசாயி ஒருவர் சனிக்கிழமை வந்தாலும் வாயிற்காவலர் திருப்பி அனுப்பாத ஒரு கதவு வேண்டும்.

கிழக்கில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. விஷக்கடி வைத்தியர்கள், பரிகாரிமார், மீன் பதப்படுத்தும் பெண்கள், இவர்களிடமிருந்து கேட்டறிந்த ஒன்றிலிருந்துதான் பல ஆய்வுகள் தொடங்குகின்றன. கேரளத்தில் காணி பழங்குடியினர் களைப்புத் தெரியாமல் இருக்கத் தின்ற ஒரு காட்டுச்செடியை வைத்து, திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 இலட்சம் இந்திய ரூபாவுக்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு. பிறகு காட்டில் இலை பறிப்பதில் வனத்துறையோடு தகராறு வந்து மருந்துக்குச் செடி கிடைப்பதே கஷ்டமானது. பங்கு கொடுத்தது நல்லது, மூலப்பொருளுக்கு வழி பார்க்காதது குறை. அந்தச் செடியின் தாவரவியல் பெயரிலேயே (Trichopus zeylanicus) இலங்கை இருக்கிறது, இங்கேயும் அது வளர்கிறது. எங்கள் பரிகாரிமாரிடம் கேட்டு ஆய்வு செய்பவர்கள், கேட்பதற்கு முன்பே பங்கைப் பற்றி எழுத்தில் பேசிவிட வேண்டும்.

எல்லாக் கண்டுபிடிப்பையும் விற்கவும் தேவையில்லை. அம்பாறை வயல்களில் விதைக்கும் 94-1 நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தலகொட ஆய்வு நிலையத்தில் அரச சம்பளம் வாங்கியவர்கள் உருவாக்கிய இனம் அது. யாரும் அதற்கு ரோயல்டி கட்டுவதில்லை, விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கத் தடையும் இல்லை. அது நிறைத்த வயிறுகளைக் கணக்கிட்டால் எந்தக் காப்புரிமையும் கிட்ட வராது. புத்தாக்க விருதுக்கு வருமானத்தை மட்டும் அளவாக வைத்தால் இப்படிப்பட்டவர்கள் ஒருபோதும் மேடை ஏறமாட்டார்கள்.

உங்கள் விஷயம் அப்படியல்ல, அது விற்க வேண்டியதுதான். கடைசியாக ஒப்பந்தம் பற்றி. ஒருவர் ஆர்வமாக வந்தால் உடனே முழு உரிமையையும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஆறு மாதம் பரீட்சித்துப் பார்க்க ஒரு சிறு ஒப்பந்தம், அதற்கு ஒரு சிறு தொகை. அது சரிவந்தால், இன்ன மாவட்டம், இன்ன பொருள் என்று எல்லை போட்டு உரிமம் கொடுங்கள். கையில் ஒரு தொகையும், விற்கும் கல்லுக்கு ஒரு சிறு விகிதமும் என்று பேசலாம். "குறிப்பிட்ட காலத்துக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் உரிமம் திரும்பிவிடும்" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். வாங்கிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதற்காகவே வருகிறவர்களும் உண்டு. சிறு ஆலைக்காரர்கள் உரிமத்தொகைக்குப் பயந்தால், அவர்கள் சாம்பலை நீங்களே தரம் பார்த்துக் கொடுத்து, பரிசோதனைக் கட்டணமாகப் பல்கலைக்கழகத்தின் வழியே பெறுவதும் ஒரு தொடக்கம்தான்.

இந்தக் கிழமையில் செய்ய வேண்டியது: அந்த முதல் திகதியைக் கண்டுபிடித்து, மாணவர்களோடு உட்கார்ந்து யார் எதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு பக்கம் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டு, வணிக இணைப்புப் பிரிவில் கொடுத்து, வாங்கியதற்கு ஒரு முத்திரை பெறுங்கள். அடுத்த கிழமை, சாம்பல் மாதிரி எடுக்கப் பைகளோடு ஆலைக்குப் போங்கள். பெரும்போக அறுவடை நேரம் என்றால் காலையில் அடுப்பு மூட்டும்போதே போய் நின்றுகொள்ளுங்கள்.